நீலச் சேனல்

ஓர்த்தா துறைமுகத்தில்
என் கடைக்கு நேர் எதிரே பிக்கோ மலை.
நடுவில் கிடக்கும் கடலை
இங்கே எல்லாரும் கனால் என்போம்.
ஒரு படத்தைச் சிவப்பு, பச்சை, நீலம் என்று பிரித்தால்
வரும் மூன்று துண்டுகளுக்கும்
அதே பெயர்தான்.
எங்கள் மொழி சிக்கனக்காரி.

திங்கட்கிழமை. மழை. படகு இல்லை.
ஒடீலியா கொடுத்த படத்தைத் திறந்தேன்.
ஆகஸ்டில் எடுத்தது; ஹைட்ரேஞ்சியா வேலியில்
கையூன்றி நிற்கிறாள்.
சூரை மீன் ஆலையில் பதினெட்டு வருடம் நின்றவள்
படத்திலும் அப்படித்தான் நிற்கிறாள்,
எடையை இடது காலுக்கு மாற்றி.

"நல்லாத் தூங்கி எழுந்த மாதிரி இருக்கணும்.
பொம்மை ஆக்கிடாதே."
அவ்வளவுதான் சொன்னாள்.
டொராண்டோவுக்கு அனுப்பவாம்.
யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

முதலில் சிவப்பு.
சிவப்பு மன்னிக்கத் தெரிந்தது.
வெயில், உப்பு, கன்னத்துப் புள்ளிகள்,
நாற்பத்தாறு வயது,
எல்லாவற்றின் மேலும்
காய்ச்சிய பாலில் ஆடை படிவதுபோலப் படிகிறது.
பச்சை ஒரு கணக்குப்பிள்ளை:
உள்ளதை உள்ளபடி எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிடும்.

நீலத்தை நான் கடைசியில்தான் திறப்பேன்.
சில நாள் திறப்பதே இல்லை.
முகம் கறுத்து,
மணல் வாரி இறைத்ததுபோல் இரைச்சல்;
மறைத்த ஒவ்வொரு மருவும் எழுந்து பெயர் சொல்லும்.
வேலிப் பூக்கள் மட்டும் வெள்ளை வெளேரென்று.
பூக்கள் மட்டும்தான் என்று நினைத்தேன்.

வேலிமேல் ஊன்றிய இடது கை.
மோதிர விரல்.
பெயரில்தான் மோதிரம் இருக்கிறது.
அடியில், நூல் சுற்றியதுபோல்,
வெயில் இருபது வருடம் தொடாத ஒரு வெள்ளை வளையம்.
வண்ணப் படத்தில் அது தெரியவே இல்லை.

மழை ஓட்டில் கொட்டிக்கொண்டிருந்தது.
காபி ஆறிப்போனது.

பிறகு வேலை.
சிவப்பைப் பிரதி எடுத்து
பீச் பழச் சதையின் நிறம் நிரப்பிய லேயருக்கு
மாஸ்க்காகப் போட்டேன்.
இந்த முகமூடி முகத்துக்கு அல்ல, நிறத்துக்கு:
வெள்ளை இருக்கும் இடத்தில் நிறம் உள்ளே வரும்,
கறுப்பில் வாசலோடு நிற்கும்,
சாம்பலில் தயங்கித் தயங்கி
பாதி நுழையும்.
விளிம்புகளைக் கலைத்தேன். அடர்த்தி முப்பது.
அதிகம்.
இருபத்திரண்டு.
கண்ணுக்குக் கீழே யாரோ திரைச்சீலையை விலக்கியதுபோல்
விடிந்தது.

அந்த விரலை அழிக்க ஒரு நொடி போதும்.
பக்கத்துத் தோலை எடுத்து வைத்தால் முடிந்தது.
தூரிகையை எடுத்தேன்,
கறுப்பைத் தொட்டு மாஸ்க்கில் அந்த விரல்மேல் மட்டும் தீட்டினேன்.
அங்கே பீச் நிறம் போகவில்லை.
ஆகஸ்ட் எப்படி இருந்ததோ அப்படி.

வியாழன் படகில் வந்தாள்.
கோட்டில் ஈரம், கையில் ஒரு முட்டைக்கோஸ்.
அச்சை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள்.
முகத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.
கட்டைவிரல் தானாகப் போய்
காகிதத்தில் அந்த விரலைத் தேய்த்தது.
"தெரியுதா?"
"எனக்குத் தெரியும். நீலத்தில பார்த்தேன்."
"மத்தவங்களுக்கு?"
"தேடினா."

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.
படகுக்கு இருபது நிமிடம்.
"இன்னொண்ணு போடு. இது இல்லாம."

போட்டேன்.
ஒரு நொடிதான் ஆனது, சொன்னபடியே.
இரண்டு படம், இரண்டு உறை.
ஒன்றை நாக்கால் ஈரப்படுத்தி ஒட்டினாள்,
மற்றதை முட்டைக்கோஸோடு பைக்குள் செருகினாள்.
எது எதில் என்று
நான் பில் எழுதிக்கொண்டிருந்ததால்
பார்க்கவில்லை.

வெளியே மழை விட்டிருந்தது.
கனால் முழுக்கச் சாம்பல்;
அதன் நடுவே போன படகு
பாதி தெரிந்தது.